ஏழாவது தகடு நடந்த வழி

கார்மணல்துறையில் மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரிக்குள் ஆய்வுக்கூடம் வந்து மூன்று வருஷமாகியும் உள்ளே நடப்பதாகச் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை, நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கரையின் கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பன் காலத்திலிருந்தே யார் யாரோ பெட்டியோடு வந்து மணலை அளந்து, உதட்டைப் பிதுக்கி, டீ குடித்துவிட்டு, அளந்தது எவ்வளவு என்று சொல்லாமலே போயிருந்தார்கள். ஆகவே டாக்டர் இளவேனில் ஈரோட்டிலிருந்து வந்து, கோயில் முற்றத்தில் மைக் பிடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கும்படி சல்லிசாகக் கதிர் எண்ணும் தகடு செய்யப்போகிறேன், இனி உங்கள் மணலை நீங்களே அளந்துகொள்ளலாம் என்று சொன்னபோது, ஊர்க் கமிட்டித் தலைவர் மிக்கேல் பிச்சை கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்டுக்கு ஒண்ணு எதுக்கு? வீடு வீடா எண்ணி எங்களைக் கிளப்பி விடதுக்கா?"

டாக்டர் சிரித்தார். சிரித்தது தப்பாய்ப் போயிற்று, பதில் தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள் என்று ஊர் முடிவுகட்டியது.

அந்தக் கட்டடத்துக்குள் ஊர்க்காரி என்று போய்வந்தவள் வியாகுலம் ஒருத்திதான். நாற்பத்தாறு வயது, புருஷன் கொச்சிப் பக்கம் ஆழ்கடல் போட்டில் கிடந்தார், ஒரே மகள் ஷெர்லினைத் தூத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். பெருக்கித் துடைக்க வந்தவள் ஒரு வருஷத்துக்குள் சிலிக்கான் வில்லைகளைக் கழுவவும், கையுறை மாட்டி அவற்றைக் குழாய் உலைக்குள் தள்ளவும் கற்றுக்கொண்டாள். உள்ளே வாயு ஓடும், சூடு ஏறும், வில்லையின் மேல் கேட்மியம் டெல்லுரைடு என்கிற கறுத்த படிகம் அணு அணுவாக உட்கார்ந்து மணிக்கணக்கில் தடிக்கும். சிலிக்கானின் வரிசை நெருக்கம் வேறு, மேலே வந்து உட்காருகிறதன் நெருக்கம் வேறு, நேராக வைத்தால் விரிசல் விட்டு உரிந்துவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு படலம் முதலில் வளர்க்க வேண்டும் என்று டாக்டர் விளக்கியபோது, "எனக்க மவளைக் கெட்டிக் குடுத்த வீட்டுல இப்பிடி ஒரு படலம் இருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்" என்றாள் வியாகுலம்.

தகடு ஆறியதும் அதற்கு ஒரு சடங்கு உண்டு. சட்டைப் பித்தான் அளவில், வெள்ளிப் பூச்சோடு ஒரு சோதனைப் பொட்டு இருந்தது. அதிலிருந்து கதிர் வரும், அதனால் டாக்டரைத் தவிர யாரும் அதைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. பிறந்த தகடு ஒவ்வொன்றையும் அந்தப் பொட்டின் முன்னால் வைத்து, கதிரை எண்ணுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முதல் கணக்கு என்று பெயர். முதல் ஆறு தகடுகளும் இப்படிப் பொட்டைப் பார்த்து, எண்ணி, அடங்கி, அலமாரிக்குப் போயின.

வியாகுலத்துக்கும் தனியாக ஒரு பழக்கம் இருந்தது. ஊரின் மேற்குக் கோடியில், அவள் வீட்டை ஒட்டினாற்போல் அந்தோணியார் சிலை நிற்கிற சின்னக் குருசடிக் கோயில். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று அந்தோணியாருக்கு எட்டு ஊரிலும் பேர், கால் சுகமானவர்கள் தகரத்தில் வெட்டிய காலையும் கண் தெளிந்தவர்கள் கண்ணையும் நேர்ச்சையாகக் கம்பியில் கட்டிவிட்டுப் போவார்கள், மேற்கே இருந்து அடிக்கிற காற்று அவற்றைப் பிய்த்துக் கரையோடு உருட்டிக்கொண்டு வந்து ஆய்வுக்கூடத்து வேலியில் சொருகும். காலையில் முற்றம் பெருக்கும்போது கிடைக்கிற அவயவங்களையெல்லாம் அவள் மடியில் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவரவர் நேர்ச்சையை அந்தோணியாரிடமே திருப்பிக் கட்டிவிடுவாள். கட்ட ஓட்டை இல்லாததைப் பீடத்தில் உருகிக் கிடக்கும் மெழுகில் பதித்து அழுத்துவாள். யாருடைய கண்ணோ காலோ காற்றில் போவது அவளுக்குப் பொறுக்காது.

ஆறாவது தகடு எண்ணி முடித்த மறுநாள், பொட்டு இருந்த ஈயப்பெட்டி திறந்து கிடந்தது, பொட்டைக் காணவில்லை.

டாக்டர் மேஜையைக் கவிழ்த்தார், அலமாரியை நகர்த்தினார், கையிலே பிடிக்கிற கருவியோடு வெளியே ஓடித் தேடினார், ஆனால் அந்தக் கரையில் எங்கே காட்டினாலும் கருவி டிக்டிக் என்றுதான் சொல்லும், மணலே கதிர் விடுகிற ஊரில் கதிர் விடுகிற ஒரு பித்தானை எப்படித் தேடுவது. கடைசியில் களைத்துப்போய் வியாகுலத்தின் எதிரே வந்து நின்றார்.

"வியாகுலம் அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பெருக்கும்போது ஏதாச்சும் பாத்தீங்களா?"

"நான் எடுக்கேல்ல மேடம்."

"எடுத்தீங்கன்னு சொல்லலீங்க."

"அதைத்தான் கேக்குதிய" என்றாள் வியாகுலம். மூன்று வருஷத்தில் ஒரு பஞ்சுத்துண்டைக்கூட அவள் வெளியே கொண்டுபோனதில்லை. அன்றிலிருந்து அவள் டாக்டரைச் சந்தேகப்பட்டாள், தானே ஒளித்துவிட்டுத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று.

இதற்கிடையே ஏழாவது தகடு உலையிலிருந்து வந்துவிட்டது. முதல் கணக்குக்குப் பொட்டு இல்லை. டாக்டர் அதை ஜன்னலோரம் காத்திருக்க வைத்தார். ஒரு நாள் காத்திருந்தது, இரண்டு நாள் காத்திருந்தது, மூன்றாம் நாள் காலையில் படலம் வில்லையின் விளிம்பைத் தாண்டி ஜன்னல் கண்ணாடியில் இறங்கி, சுவரோரம் வழிந்து, முற்றத்து மணலைத் தொட்டிருந்தது. மணலும் சிலிக்கான் குடும்பம்தான், அதனால் அங்கே இறங்கிய பிறகு அதற்கு நடுப்படலம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு முழம் அகலத்தில், வெங்காயத் தோல் கனத்தில், கறுத்து மினுங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு ஓர் ஆள் நீளம் மேற்கே வளர்ந்தது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்தார். "பொட்டைத் தேடிப் போகுது" என்றார். வியாகுலம் விளக்குமாற்றை எடுத்து அது போகிற வழியிலிருந்த சிப்பிகளை ஒதுக்கிவிட்டாள், குத்தினால் கிழிந்துவிடுமே என்று.

தகடு நடக்கிற செய்தி ஊருக்கு எட்டியபோது யாரும் அதிசயப்படவில்லை, எங்கே போகிறது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. மிக்கேல் பிச்சை தினமும் காலையில் அதன் நுனியில் ஒரு குச்சி நட்டார். பெண்கள் கருவாடு காயப்போடும் பாயை இரண்டடி தள்ளி விரித்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. தகடு போய் நிற்கிற வீட்டில்தான் பொட்டு இருக்கிறது, பொட்டு இருக்கிற வீடு ஊர்விலக்கு. அந்த வீட்டுக்காரர் கரையில் மீன் விற்கக் கூடாது, அந்த வீட்டில் கல்யாணமென்றால் யாரும் போகக் கூடாது, பிள்ளை பிறந்தால் கோயிலில் ஞானஸ்நானம் கிடையாது.

கடைசி வார்த்தை தனக்கென்றே சொன்னதுபோலிருந்தது வியாகுலத்துக்கு. தலைப்பிரசவத்துக்கு ஷெர்லின் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ஏழு மாசம் முடிந்திருந்தது. சுகப்பிரசவத்துக்கென்று பதின்மூன்று செவ்வாய் அந்தோணியார் காலடியில் நெற்றி வைத்துக் கும்பிடும்படி மகளைக் குருசடிக்கு அனுப்பத் தொடங்கியிருந்ததும் அவள்தான்.

ஊர் மொத்தமும் அந்தோணியாரிடம்தான் போனது. பொட்டைக் கண்டுபிடித்துக் கொடு என்று சிலர், என் வீட்டில் கண்டுபிடித்துவிடாதே என்று பலர். குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லாமல் மெழுகு பீடத்திலிருந்து படிவரை வழிந்தது.

தகடு முதலில் நுழைந்தது மிக்கேல் பிச்சையின் வீட்டில். முன்வாசல் வழியாக உள்ளே போய், கட்டிலுக்கடியில் ஒரு நாள் தங்கி, பின்வாசல் வழியாக வெளியேற மூன்று நாளாயிற்று, அந்த மூன்று நாளும் ஊர் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று, தகடு நிற்கிறதா என்று பார்க்கிற சாக்கில் பரணையும் பானையையும் கிளறியது. பொட்டு கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கோயிலில் காணாமல் போன மைக் கிடைத்தது. ரிப்பேருக்கு எடுத்து வந்ததாகத் தலைவர் சொன்னார். அடுத்தது கோயில் வாட்ச்மேன் தாசையன் வீடு, அங்கே அடுத்தவன் வலையிலிருந்து அறுத்த ஈயக்குண்டுகள். அதற்கடுத்தது வியாகுலத்தின் நாத்தனார் பிலோமினா வீடு, அங்கே அடுப்புக்குப் பின்னால் சாக்கு சுற்றிய பித்தளை அண்டா ஒன்று, கழுத்தில் வியாகுலத்தின் பெயர் வெட்டியது, நான்கு வருஷமாகத் தேடப்பட்டது.

"மைனி, இது எப்பிடி இங்கன வந்ததுன்னு அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்" என்றாள் பிலோமினா, முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிச்சமாத்தான் இருக்கு, பிலோமி" என்று அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் வியாகுலம்.

அந்தச் சந்தோஷம் வாசல்வரைதான். பிலோமினா பின்னாலேயே வந்து, தெரு கேட்கும்படி சொன்னாள். "எனக்க வீட்டைத் தாண்டியாச்சு மைனி. இனி இந்த வரிசையில மிச்சம் உங்க வீடு ஒண்ணுதானே?"

உண்மைதான். கடைசிக் குச்சியிலிருந்து வியாகுலத்தின் வாசலுக்கு ஒன்பது ஆள் நீளம் இருந்தது. ஊர் அவளைப் பார்க்கிற பார்வை மாறியது, தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டார்கள், ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருந்தால் தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தான் எடுக்கவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். அப்படியானால் வேறு யாரோ தன் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அரிசிப் பானையைக் கொட்டிச் சல்லடையில் சலித்தாள். தலையணையைப் பிரித்துப் பஞ்சை உதறினாள். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மகள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவள் பெட்டியைத் திறந்து, குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த துணிகளின் மடிப்பையெல்லாம் விரல் விட்டுத் தடவினாள். திரும்பினால் வாசலில் ஷெர்லின் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்தை அம்மா தேடுதிய?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அத்தனை நாள் எல்லாரையும் சந்தேகப்பட்ட வாய்க்கு வேறு வார்த்தை பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நீ எடுத்தியா மக்களே? சும்மா, பளபளன்னு இருக்கேன்னு? எடுத்திருந்தா சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஷெர்லின் உள்ளே வந்தாள். குழந்தைத் துணிகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தட்டி, மடித்து வைத்தாள், குனிய முடியாத வயிற்றோடு குனிந்து குனிந்து எடுத்தாள், வியாகுலம் உதவிக்குக் கை நீட்டியபோது அந்தக் கையை ஒதுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள், அவ்வளவுதான் பேச்சு.

தகடு நெருங்கியது. ஆறு ஆள், மூன்று ஆள், ஒரு ஆள். கடைசிக் காலையில் ஊரே அவள் முற்றத்தில் நின்றது, மிக்கேல் பிச்சை கையில் கமிட்டி நோட்டோடு வந்திருந்தார், அதில் அவள் பெயரை முந்தின நாளே எழுதி வைத்தாயிற்று என்று தாசையன் சொன்னான். படலத்தின் நுனி வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. வெயில் ஏற ஏற அது மெல்ல நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. அரைச் சாண் வந்து, தயங்கி, பிறகு படியை முகர்ந்து பார்த்ததுபோல இடது பக்கம் வளைந்து, சுவரோரமாக மேற்கே போயிற்று.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வியாகுலம் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதாள், ஆனந்தமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுது முடித்துப் பார்த்தபோது முற்றம் காலி, ஊர் தகட்டோடு போயிருந்தது, அதற்கு மேற்கே இருந்த வீடு ஒன்றே ஒன்று.

இரண்டு நாளில் தகடு குருசடிப் படி ஏறியது. மூன்றாம் நாள் பீடத்தில் ஏறி, வழிந்து இறுகிய மெழுகின் மேல் படர்ந்து, அந்தோணியாரின் வலது பாதத்துக்குப் பக்கத்தில் நின்றது. அந்த நிமிஷத்தில் ஆய்வுக்கூடத்தில் எண்ணும் கருவி தானாக மணியடித்து எண்ணத் தொடங்கியதாக டாக்டர் ஓடி வந்து சொன்னார், ஏழாவது தகட்டுக்கு முதல் கணக்கு கிடைத்துவிட்டது. மிக்கேல் பிச்சை மீன் அறுக்கும் கத்தியால் மெழுகைச் சுரண்டினார். ஒரு விரல் ஆழத்தில் சட்டைப் பித்தான் அளவில் வெள்ளியாகப் பளபளத்தது பொட்டு. டாக்டர் இடுக்கியால் எடுத்து ஈயப்பெட்டியில் போட்டார். பொட்டு இருந்த குழியைச் சுற்றி, பழைய மெழுகில் ஒரு கட்டைவிரலின் ரேகை பதிந்திருந்தது.

வியாகுலத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொட்டு காணாமல் போன அன்றைக்குக் காலையில் வேலியில் கிடைத்தவை ஒரு கால், இரண்டு கை, ஒரு படகு. ஆய்வுக்கூட வாசல் நிலைக்கடியில், எங்கிருந்தோ உருண்டு வந்து குப்பையோடு குப்பையாகக் கிடந்தது வட்டமாக ஒரு கண். பார்வை இல்லாத எந்தப் பாவப்பட்டவளுடைய கண்ணோ என்று இரக்கப்பட்டு, ஓட்டை இல்லையே என்று மெழுகில் வைத்து, இந்தக் கட்டைவிரலால்தான் அழுத்தினாள். அழுத்திவிட்டு ஒரு பரலோக மந்திரமும் சொன்னாள்.

அதற்குள் கமிட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தீர்மானம் தீர்மானம்தான், ஆளுக்கு ஒரு நியாயம் கிடையாது, பொட்டு அந்தோணியார் வீட்டில்தான் இருந்தது, ஊரையே அலைக்கழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நின்றிருக்கிறார், ஆகவே பதின்மூன்று செவ்வாய்க்கு அவருக்கு மெழுகுவர்த்தி கிடையாது, குருசடிக் கம்பிக்கதவுக்குப் பூட்டு. பிலோமினா மட்டும், தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவரே ஒளித்து வைத்தால் எங்கே போய்ச் சொல்வது என்று வாய்விட்டு அங்கலாய்த்தாள். தாசையன் பூட்டு எடுக்கப் போனான்.

"பூட்டாதிய" என்றாள் வியாகுலம். "அவர் எடுக்கேல்ல. நானாக்கும் வச்சேன். நேர்ச்சைக் கண்ணுன்னு நினைச்சு மெழுகுல ஒட்டினேன். இன்னா, எனக்க விரல்."

கட்டைவிரலை நீட்டினாள். ரேகையின் மேல் வைத்தும் காட்டினாள், அச்சாகப் பொருந்தியது. கூட்டம் நெருங்கி வந்து அவள் விரலைப் பார்த்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"தகடு உனக்க வாசலைத் தொடாமப் போனதை ஊரே பாத்திருக்கு" என்றார் மிக்கேல் பிச்சை, குரலைத் தாழ்த்தி. "நீ இல்லன்னு ஆயாச்சு. சொல்லு, யாரைக் காப்பாத்ததுக்கு இப்பிடிச் சொல்லுத?"

"யாரையும் இல்ல தலைவரே, சத்தியமாட்டு நான்தான்."

"மைனிக்கு இரக்க மனசு" என்றாள் பிலோமினா, தன் அண்டாத் திருட்டு மறந்தே போனதுபோல் அவள் தோளைத் தொட்டு. "யாருக்கோ வேண்டிப் பழியை ஏக்குதா. கட்டைவிரல்னா எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

அப்படித்தான் வியாகுலம் ஊரில் உத்தமியானாள். பூட்டு விழுந்தது. அவள் யாரைக் காப்பாற்றுகிறாள் என்பது மட்டும் தீராத சந்தேகமாகி, தாசையன் தலைவரையும் தலைவர் டாக்டரையும் பிலோமினா எல்லாரையும் உற்றுப் பார்த்தபடி இருந்தார்கள். வேலை முடிந்துவிட்ட தகடு மீன் செதிலாக உரிந்து காற்றோடு போயிற்று. டாக்டர் ஒரு துண்டைப் பொறுக்கி உறையில் போட்டு எட்டாவது வில்லையைக் கழுவச் சொன்னார்.

கழுவிக்கொண்டே வியாகுலம் கேட்டாள். "மேடம், பொட்டு மெழுகுக்குள்ள இருந்தப்ப என் மவ நெத்தியை அங்கனதான் வச்சுக் கும்பிட்டா. செவ்வாய்க்குச் செவ்வாய். வயித்தையும் பீடத்துல சாய்ச்சுத்தான் நிப்பா."

"ஒண்ணும் ஆகாதுங்க அக்கா. ரொம்பச் சின்ன அளவு. வருஷக்கணக்கா ஒட்டியே வச்சிருந்தாத்தான் யோசிக்கணும்."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். டாக்டர் கணக்குப் போட்டுக் காகிதத்தில் எழுதியும் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அத்தனை பொறுமையாக, அத்தனை அன்பாக ஒன்றும் ஆகாது என்றார், அந்த அன்புதான் வியாகுலத்தை நம்பவிடவில்லை. அவள் பழையபடி டாக்டரைச் சந்தேகப்பட்டாள், டாக்டரைச் சந்தேகப்பட்டுச் சலித்தபோது தன் வலது கையை எடுத்துப் பார்த்தாள். சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டாள், உலைக்கூடத்து ஸ்பிரிட்டால் துடைத்தாள். கட்டைவிரலின் ரேகைக்குள் வெங்காயத் தோல் கனத்தில் கறுப்பாக ஒரு மினுக்கம் போகவே இல்லை. பார்த்தவர்கள் கறுப்பு மணல் என்றார்கள்.

ஷெர்லினுக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா எடை போட்டு, விரல்களை எண்ணி, எல்லாம் சரி என்றாள். ஊர் வரிசையாக வந்து பார்த்தது, ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தது, மிக்கேல் பிச்சை தானே ஞானத்தகப்பனாக நிற்கிறேன் என்றார். எல்லாரும் போன பிறகு ஷெர்லின், இரண்டு மாசத்தில் முதல் தடவையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எடுங்க அம்மா."

வியாகுலம் குனிந்து குழந்தையை இடது கைக்குள் ஏந்தி, மார்போடு அணைத்துக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து சின்ன முகம் அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்தது, துடைக்கக் கை வரவில்லை.

"ஏன் ஒத்தக் கையில பிடிச்சிருக்கிய? ரெண்டு கையாலயும் பிடிங்க, விழுந்திராம."

"கை ஈரமாட்டு இருக்கு மக்களே" என்றாள் வியாகுலம். முந்தானைக்குள் அவள் வலது கை, காலையிலிருந்து தண்ணீரே தொடாமல், கட்டைவிரலை உள்ளே மடித்து இறுக மூடிக் கிடந்தது.